நைஜர் கிராமத்தில் பெண்கள் சேமிப்புக் குழுவைத் தொடங்கிவைக்கும் முறை

நைஜர் நாட்டின் மராடி வட்டாரத்தில் 1991-ஆம் ஆண்டு ஹௌசா மொழி பேசும் பெண்களிடையே கேர் (CARE) என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பு தொடங்கிய சேமிப்புக் குழு முறை, இன்று ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. உறுப்பினர்களின் சொந்தப் பணத்தைக் கொண்டே நடப்பதால், வங்கிக் கடனோடு இணைக்கப்படும் நம் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து இது வேறுபட்டது. அத்தகைய குழுவைத் தொடங்கிவைக்கச் செல்லும் களப்பணியாளருக்காக இது எழுதப்படுகிறது.

முதலில் ஊர்த் தலைவரைக் கண்டு பேசி, ஆண்களும் அமர்ந்திருக்கும் பொதுக்கூட்டத்தில் திட்டத்தை விளக்குங்கள். வீட்டுக்குத் தெரியாமல் பணம் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு பின்னர் கிளம்பினால் குழு நிலைப்பது கடினம். ஒருவரையொருவர் நன்கறிந்த 15 முதல் 25 பெண்கள் தாங்களாகவே சேரட்டும். யாரைச் சேர்ப்பது என்பதில் நீங்கள் தலையிட வேண்டாம்.

ஒரு பங்கின் மதிப்பை, குழுவிலேயே மிக வறிய பெண் வாரந்தோறும் கட்டக்கூடிய தொகையாக வைக்க வேண்டும். பங்கு 100 சிஎஃப்ஏ பிராங்க் (நைஜரின் நாணயம்) என்றும், ஒருவர் வாரத்துக்கு ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்கலாம் என்றும் வைத்துக்கொண்டால், அனைவரும் தவறாது கட்டும் 20 பேர் கொண்ட குழுவில் வாரம் 2,000 முதல் 10,000 பிராங்க் வரை சேரும்.

பணம் மூன்று பூட்டுகள் கொண்ட இரும்புப் பெட்டியில் இருக்கும். பெட்டி ஒருவர் வீட்டில், சாவிகள் வேறு மூவரிடம். உறுப்பினர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால், வாங்கும் பங்குகளைச் சிட்டையில் முத்திரையாகக் குத்துவதே வசதி. கூட்டம் முடியும்போது பெட்டியிலுள்ள தொகையை உரக்கச் சொல்லி, எல்லோரையும் மனத்தில் இருத்திக்கொள்ளச் செய்யுங்கள். அடுத்த வாரம் பெட்டியைத் திறக்கும் முன் அந்தத் தொகையை அவர்களே சொல்ல வேண்டும். பிறகுதான் எண்ணிப் பார்க்க வேண்டும். கணக்கர் எழுதும் பேரேட்டைவிட இந்தப் பழக்கத்தையே நான் அதிகம் நம்புவேன்.

கடனைச் சேமிப்பின் மூன்று மடங்குக்குள், சில மாதத் தவணைக்குள் நிறுத்துவது வழக்கம். கடலை எண்ணெய் ஆட்டி விற்கவும், பக்ரீத்துக்கு விற்க ஆட்டுக்கிடா வளர்க்கவும் பெண்கள் கடன் கேட்பார்கள். வட்டி இஸ்லாமிய மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்ற தயக்கம் எழலாம். கடனுக்கான கட்டணம் ஆண்டிறுதியில் அவர்களுக்கே திரும்பி வருவதை விளக்கிவிட்டு, முடிவை அவர்களிடமே விடுங்கள். நீங்களாக விகிதம் நிர்ணயிக்காதீர்கள். நோய், சாவு போன்ற அவசரங்களுக்குச் சிறு தொகையைத் தனிப் பையில் ஒதுக்கச் சொல்லுங்கள்.

குழு நன்றாக நடப்பதைக் கண்டு நிறுவனப் பணத்தைப் பெட்டியில் போட வேண்டும் என்ற ஆசை எழும். போடாதீர்கள். அக்கம்பக்கத்தார் காசு என்றால் திருப்பித் தருபவர்களும், வெளியார் காசை நன்கொடையாகவே கருதத் தொடங்கலாம்.

ஏறக்குறைய ஓராண்டில் கடன்களையெல்லாம் வசூலித்துப் பங்கீடு செய்ய வேண்டும். பெட்டியில் 3,90,000 பிராங்கும் மொத்தம் 3,000 பங்குகளும் இருந்தால், ஒரு பங்குக்கு 130 பிராங்க்; 100 பங்குக்கு 10,000 கட்டியவர் 13,000 பெறுவார். கம்பு அறுவடைக்கு முன், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தானியம் தீர்ந்துபோகும் மாதங்களுக்குச் சற்று முன்னதாகப் பங்கீட்டை வைப்பது நல்லது.

சிறுவயதிலேயே மணமான பெண்களை மறந்துவிடாதீர்கள்; நைஜரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பெண்களுக்கு 18 வயதுக்கு முன்பே திருமணமாகிவிடுகிறது. மூத்தவர்கள் நடுவே அவர்கள் வாய் திறப்பது அரிது என்பதால், பங்கு மதிப்பைக் குறைத்துத் தனிக் குழு அமைத்து, மாமியார் அனுப்பக்கூடிய நேரத்தில் கூட்டம் வையுங்கள்.

தொடக்கத்தில் வாரந்தோறும் செல்லுங்கள். பிறகு வருகையைக் குறைத்து, முதல் பங்கீடு முடிந்ததும் இரண்டாம் ஆண்டுக்கான பங்கு மதிப்பையும் விதிகளையும் நீங்கள் இல்லாமலேயே அவர்கள் தீர்மானிக்கும்படி விலகிக்கொள்ளுங்கள்.