முழு சூரிய கிரகணம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. எகிப்தின் லக்சர் நகரில் அன்று பகல் ஒரு மணியளவில் சூரியன் ஆறு நிமிடத்துக்கும் மேல் முழுதாக மறைந்திருக்கும். இதைவிட நீண்ட முழு கிரகணம் வர 2114 ஆக வேண்டும். சென்னை விமான நிலையமும் பெங்களூரு விமான நிலையமும் வேலூருக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அதனால் காட்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து ஆர்வலர்கள் பலர் கணக்குப் போடத் தொடங்கியிருக்கிறார்கள். போடட்டும். ஆனால் பெருந்தொகை செலவழித்துப் போய், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் திரும்புவதற்கு வழிகள் நிறைய இருக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சதவீதத்தை நம்புவது.

2019 டிசம்பர் 26 காலை நினைவிருக்கிறதா? வேலூரில் சூரியனின் பெரும்பகுதியை நிலா மறைத்தது. தெருவில் வெளிச்சம் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். பால்காரர் பால் ஊற்றிக்கொண்டிருந்தார், பஸ் ஓடியது. மேலே நடப்பது தெரியாமலே அன்றைய பொழுதைக் கழித்தவர்கள் உண்டு. 99 சதவீதம் மறைந்தாலும் கதை பெரிதாக மாறாது. முழு கிரகணத்தின் உயிரே சூரியனைச் சுற்றி விரியும் கரோனா என்ற வெண்ணிற ஒளிமகுடம். அதன் ஒளி சூரியப் பரப்பின் ஒளியில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். சூரியனில் ஒரு சதவீதம் மிச்சமிருந்தால்கூட அது கரோனாவைவிடப் பத்தாயிரம் மடங்கு பிரகாசமானது. அந்தக் கூச்சத்தில் கரோனா எங்கே தெரியும்?

எனவே நிலாவின் முழுநிழல் ஓடும் பாதைக்குள் நிற்கிறோமா இல்லையா என்பது ஒன்றுதான் கேள்வி. 2026 ஆகஸ்ட் 12 கிரகணத்தின் வரைபடத்தைப் பாருங்கள். ஸ்பெயினில் ஓவியேடோ, புர்கோஸ், சரகோசா, வலென்சியா எல்லாம் பாதைக்குள் வருகின்றன. பயணிகள் வழக்கமாகத் தங்கும் மாட்ரிட்டும் பார்சலோனாவும் மயிரிழையில் வெளியே விழுகின்றன. 2027-இல் அதே சிக்கல் கெய்ரோவில். எகிப்துச் சுற்றுலா என்றாலே பிரமிடுகள், பிரமிடுகள் என்றாலே கெய்ரோ. ஆனால் கெய்ரோவில் பகுதி கிரகணம்தான் தெரியும். லக்சர் அங்கிருந்து சாலை வழியே சுமார் 650 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. ‘கிரகண ஸ்பெஷல் எகிப்து’ என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால், கோயில், கப்பல், ஒட்டகச் சவாரி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: ஆகஸ்ட் 2 காலை பதினோரு மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை நாங்கள் எந்த இடத்தில் நிற்போம்? நைல் நதிக் கப்பல் என்றால், அன்று நண்பகல் கப்பல் எங்கே நங்கூரமிட்டிருக்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தைக்குப் பணம் கட்டாதீர்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு லக்சர் ஒன்றே வழி என்று நினைப்பதும் தவறுதான். அன்றைய நிழற்பாதை செங்கடலைத் தாண்டி ஜித்தா, மக்கா மீதும் போகிறது. ஜித்தாவில் ஏறத்தாழ ஆறு நிமிடம், மக்காவில் ஐந்து நிமிடத்துக்கு மேல். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளில் சவூதியில் வேலை பார்க்கும் மாமாவோ மச்சானோ இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். உம்ரா செல்ல நினைத்திருக்கும் குடும்பங்கள் அந்த நாளை ஒட்டித் திட்டமிட்டால் ஒரே பயணத்தில் இரண்டும் கிடைக்கும். கிரகணத் தொழுகைக்காக மக்காவில் கூட்டம் பெருகும் என்பதை மட்டும் முன்பே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கங்கண கிரகணத்தையும் முழு கிரகணத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்வது அடுத்தது. 2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடியிலும் கன்னியாகுமரியிலும் தெரிந்தது, 2019-இல் கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் தெரிந்தது, 2031 மே 21 அன்று மதுரையில் தெரியப் போவது எல்லாமே கங்கணம். நிலா நமக்குச் சற்றுத் தள்ளியிருப்பதால் சூரியனை முழுதும் மூட முடியாமல் நெருப்பு வளையம் மிஞ்சும். அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் கரோனா கிடையாது, இருட்டு கிடையாது. ‘நான்தான் திண்டுக்கல் போய்ப் பார்த்துவிட்டேனே’ என்பவர் இன்னும் முழு கிரகணம் பார்க்காதவர்தான். தமிழ்நாட்டு மண்ணில் முழு கிரகணம் வந்தது 1871 டிசம்பர் 12 அன்று. அவிநாசியிலும் நீலகிரியிலும் விஞ்ஞானிகள் முகாமிட்டார்கள். இந்தியாவைத் தொடும் அடுத்த முழு கிரகணம் 2034 மார்ச் 20 அன்று, அதுவும் லடாக்கின் கார்கில் பக்கம். மார்ச் மாதக் கார்கில் பனியில் புதைந்து கிடக்கும். ‘நம் நாட்டிலேயே வரட்டும்’ என்று காத்திருப்பவர்களுக்கு எகிப்தே எளிது என்பது என் கருத்து.

வானம் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் டிக்கெட் போடுகிறவர்களை என்ன சொல்வது? 2009 ஜூலை 22 கிரகணம் சூரத், வாரணாசி, பாட்னா வழியாகப் போனது. பீகாரின் தரேக்னாவில் கூட்டம் திரண்டு நின்றது. பருவமழைக் காலம். மேகம் திரையைப் போட்டுவிட்டது. 1999 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்திலும் இதே கதை. வானத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இது பாலபாடம். நம் ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், ஜவ்வாது மலையில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருந்தும், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அதற்கு வேலை குறைவுதான். ஆகஸ்ட் மாதத்து லக்சரில் மேகம் என்பது பேச்சுக்குக்கூட இல்லை. லக்சரைப் பலரும் குறிவைப்பதற்கு கிரகணத்தின் நீளத்தோடு இதுவும் காரணம்.

மேகம் இல்லாவிட்டாலும் சூரியன் எந்த உயரத்தில் நிற்கும் என்று பார்க்க வேண்டும். ஜவ்வாது மலையின் உள்கிராமங்களில் பொழுது சாய்வதற்கு வெகுநேரம் முன்பே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். 2026 ஸ்பெயின் கிரகணம் அந்தச் சிக்கல் உள்ள கிரகணம். புர்கோஸில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் எட்டு பாகை, வலென்சியாவில் வெறும் நான்கைந்து பாகை. கையை முன்னால் நீட்டி விரல்களை மடக்கினால் முஷ்டியின் அகலம் ஏறத்தாழ பத்து பாகை. அந்த உயரத்துக்குள் ஒரு மாடி வீடு போதும், எல்லாம் போச்சு. லக்சரில் நேர் எதிர். சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் 82 பாகையில் இருக்கும். நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் ஆறு நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஒரு பாய் எடுத்துப் போங்கள், படுத்துக்கொண்டு பாருங்கள்.

இனி கண்.

வேலூர் ஆஸ்பத்திரி ஊர். கட்டிலுக்கு அடியில் பழைய எக்ஸ்ரே பிலிம் இல்லாத வீடு குறைவு. கிரகணம் என்றதும் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது குறைத்துக் காட்டும். அகச்சிவப்புக் கதிரை அப்படியே உள்ளே விடும். விழித்திரைக்கு வலி தெரியாது. பாதிப்பு பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். அப்போது பார்வையின் நடுவில் ஒரு புள்ளி அழிந்திருக்கும். பட்டறைகளில் இருக்கும் வெல்டிங் கண்ணாடியும் எல்லாம் ஒன்றல்ல. 14-ஆம் எண் கண்ணாடி சரி. வழக்கமான வேலைக்குப் பயன்படுவது பெரும்பாலும் அதைவிட வெளிறிய 10, 11. சாணி கரைத்த தண்ணீரில் பிம்பம் பார்ப்பதும் பாதுகாப்பல்ல. சூரியனைப் பார்க்கும் கண்ணாடிகளுக்கான உலகத் தரக்குறியான ஐஎஸ்ஓ 12312-2 அச்சிட்ட கிரகணக் கண்ணாடியை வாங்குங்கள். போட்டுக்கொண்டு வீட்டுக்குள் பார்த்தால் எதுவுமே தெரியக்கூடாது. கீறல் விழுந்திருந்தால் தூக்கி எறியுங்கள். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலர் வழியே பார்ப்பது எல்லாவற்றையும்விட மோசம். குவிந்த வெயில் பிலிமைப் பொசுக்கிக்கொண்டு நேரே கண்ணுக்குப் போகும். பைனாகுலருக்கும் கேமராவுக்கும் வடிகட்டி முன்பக்கம் இருக்க வேண்டும்.

இவ்வளவு பயமுறுத்துவதால் விளையும் இன்னொரு தவறும் உண்டு. முழுமறைப்பு தொடங்கியபின்பும் கண்ணாடியைக் கழற்றாமல் இருப்பது. கண்ணாடி வழியே கரோனா சுத்தமாகத் தெரியாது. கடல் கடந்து போய் ஆறு நிமிடமும் கறுப்பைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். விளிம்பில் ஒளி மணிமணியாகச் சிதறி, கடைசியில் ஒற்றை வைரமாக நின்று, அதுவும் அணையும். அணைந்ததும் கழற்றலாம். கரோனா முழுநிலவின் அளவுக்கே ஒளி தருவது, கண்ணை ஒன்றும் செய்யாது. மறுபக்க விளிம்பில் வெளிச்சம் கூடி வரும்போது மீண்டும் போட்டுவிட வேண்டும். கங்கண கிரகணத்தில் மட்டும் எந்த நொடியிலும் கழற்றக்கூடாது.

‘அக்னி நட்சத்திரத்தையே பார்த்தவர்கள் நாங்கள், லக்சர் வெயில் என்ன செய்யும்?’ என்று வேலூர்க்காரர் கேட்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மே மாதம் பகல் ஒரு மணிக்கு வேலூர்க்காரர் வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் அல்லவா இருக்கிறார்? லக்சரில் ஆகஸ்ட் பகல் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டும் தாண்டியும் கொதிக்கும். வறண்ட காற்று, வியர்வை தெரிவதற்குள் காய்ந்துவிடும். உடம்பு நீர் இழப்பதே தெரியாது. பகுதி கிரகணமாகத் தொடங்கி முழுமைக்கு வர ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் திறந்த வெளியில் நிற்கக் கூடாது. நிழலில் இருந்துகொண்டு அவ்வப்போது எட்டிப் பாருங்கள். மரநிழலாக இருந்தால் இன்னும் நல்லது. இலை இடுக்குகளில் விழும் ஒளிப்பொட்டுகள் ஒவ்வொன்றும் பிறையாக மாறித் தரையெங்கும் நூற்றுக்கணக்கில் கிடக்கும்.

இதிலேயே பெரியவர்கள் விஷயமும் வருகிறது. அன்று ஆடி மாத அமாவாசை. முந்தைய வாரம் ஆடிக் கிருத்திகை. தர்ப்பணம், விரதம், காவடி என்று வீட்டில் பேச்சு எழும், அதை மூன்று நாள் முன்பு பேசித் தீர்க்க முடியாது. கூட வருகிற அப்பாவோ பெரியம்மாவோ கிரகணம் விடும்வரை பச்சைத் தண்ணீர் தொடமாட்டேன் என்றால், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரை அந்த வெயிலில் பட்டினி போடுவது ஆபத்து. ஒத்துக்கொள்ளாவிட்டால் குளிர்சாதன அறையின் ஜன்னலோரம் இருக்கச் சொல்லுங்கள், முழுமைக்கு ஐந்து நிமிடம் முன்பு அழைத்துக்கொள்ளுங்கள். கிரகணத்தன்று கோயில்கள் நடை சாத்தினாலும் காளஹஸ்தி திறந்தே இருக்கும் என்பதை வாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் காளஹஸ்தி ஜமீனும் நம் வடாற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது.

படம் எடுப்பதைப் பற்றி ஒரே வரி: முதல் கிரகணத்தில் எடுக்காதீர்கள். உலகின் தலைசிறந்த படங்கள் அன்று மாலையே கிடைத்துவிடும். வேண்டுமானால் கைப்பேசியை ஒரு முக்காலியில் நிறுத்தி, உங்கள் குடும்பத்தை வீடியோ எடுக்க விட்டுவிடுங்கள், பிளாஷை அணைத்துவிட்டு. அதற்குப் பதில் ஒரு வெள்ளை வேட்டியைத் தரையில் விரியுங்கள். முழுமைக்குச் சற்று முன்னும் பின்னும் மெல்லிய நிழல்கோடுகள் அதன்மேல் நெளிந்து ஓடுவதைச் சில சமயம் பார்க்க முடியும். இருட்டியதும் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்காமல் ஒருமுறை சுற்றிலும் பாருங்கள், நான்கு திசையிலும் அந்தி நிறம் இருக்கும்.

நிழற்பாதையின் நட்டநடுவில் ஓடும் மையக்கோட்டுக்காக அடித்துக்கொள்வதும் தேவையில்லாத வேலை. 2027 பாதையின் அகலம் சுமார் 258 கிலோமீட்டர். மையத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி நின்றால் சில வினாடிகளே குறையும். ஆனால் விளிம்பை நெருங்கினால் நிமிடங்கள் சரசரவென்று கரையும்.

போகிற வேகத்திலேயே திரும்பிவிடலாம் என்ற கணக்கும் வேண்டாம். வருகிறவர்கள் நான்கைந்து நாளில் பிரிந்து பிரிந்து வருவார்கள்; திரும்பும்போது எல்லாரும் ஒரே மணி நேரத்தில் கிளம்புவார்கள். கார்த்திகை தீபம் பார்த்துவிட்டுத் திருவண்ணாமலையிலிருந்து வேலூர் பஸ் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2017, 2024 கிரகணங்களுக்குப் பிறகு அமெரிக்க நெடுஞ்சாலைகள் மணிக்கணக்கில் உறைந்து நின்றன. கிரகணத்துக்கு இரண்டு நாள் முன்பாவது லக்சரில் இருங்கள்; விமானம் தாமதமானாலும் தாங்கும். அன்று இரவும் அங்கேயே தங்குங்கள். பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், இப்போதே எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஹோட்டல் அறைக்கு விலை ஏறும்போது பழைய முன்பதிவை ரத்துசெய்துவிட்டு அதே அறையை அதிக விலைக்கு விற்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பணம் கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மூன்று மாதம் முன்பும், ஒரு மாதம் முன்பும் கடிதம் எழுதி உறுதிசெய்துகொள்ளுங்கள். அதே ஊரில் இரண்டாவது இடம் ஒன்றின் பெயரும் கையில் இருக்கட்டும்.