கிராஸ்போவுக்கு எந்த முனை: விரியும் பிளேடா, நிலைத்த பிளேடா?

கடையில் தொங்கும் பிராட்ஹெட்டுகளை (வேட்டை அம்பில் திருகும், பிளேடு வைத்த முனைகளை)ப் பார்க்கப் போவதற்கு முன்னால், உங்கள் கிராஸ்போ (துப்பாக்கிபோல் விசையை இழுத்து எய்யும் வில்) அம்பை எவ்வளவு வேகத்தில் அனுப்புகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் லேசான அம்பை வைத்து அளந்தது. வில் விற்கும் கடைகள் பலவற்றில் அம்பின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இருக்கும். உங்கள் அம்பையே, நீங்கள் போடப்போகும் முனையின் எடையோடு எய்து பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த முனை என்பதில் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் தொழில் பழகியவன். இப்போது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் பக்கம் ஒரு டூல் ரூமில் வேலை. லிக்கிங் கவுண்டியில் சோயா பயிரிடும் ஒரு பெரியவர் தன் நிலத்தில் வேட்டையாட எழுத்து மூலம் அனுமதி கொடுத்திருக்கிறார். வெள்ளைவால் மான்கள் அவருடைய வயலை மேய்ந்து தள்ளுகின்றன, அதனால் அவருக்கும் சந்தோஷம்தான். (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது இங்கே லைசென்ஸும் மான் பர்மிட்டும் வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும்.)

விரியும் முனை, அதாவது மெக்கானிக்கல், பிளேடைத் திறக்கவே பாதி ஆற்றலைத் தின்றுவிடும், ஆழமாகப் போகாது என்று பழைய வில்லாளிகள் சொல்வார்கள். கையால் இழுக்கும் வில்லில், அதுவும் குறைந்த இழுவிசை வில்லில், அந்தப் பயம் நியாயமானது. கிராஸ்போவில் கணக்கு வேறு. 400 கிரெய்ன் (சுமார் 26 கிராம்) எடையுள்ள அம்பு நொடிக்கு 350 அடி வேகத்தில் போனால் அதன் ஆற்றல் சுமார் 109 அடி-பவுண்டு. அதே எடையுள்ள அம்பைக் காம்பவுண்ட் வில்லில் (கப்பி வைத்த, கையால் இழுக்கும் வில்) 280 அடி வேகத்தில் விட்டால் 70ஐ ஒட்டித்தான் வரும். மானுக்கு அந்த 70ஏ தாராளம். ஆக, கிராஸ்போக்காரனுக்கு ஆற்றல் தட்டுப்பாடு இல்லை. அவனுக்கு வரும் தொல்லையெல்லாம் அம்பு நேராகப் பறக்கிறதா என்பதில்தான்.

நிலைத்த பிளேடு முனையில் பிளேடுகள் எப்போதும் வெளியே நிற்கும். அம்பின் பின்னால் இறகுகள் இருப்பதுபோல முன்னாலும் இறக்கை முளைத்த மாதிரிதான் இது. அம்பு நாணை விட்டுக் கிளம்பும்போது இம்மியளவு சாய்ந்திருந்தாலும் காற்று அந்த பிளேடுகளைப் பிடித்துத் திருப்பிவிடும். வேகம் ஏற ஏற இது கூடும். கிராஸ்போ அம்பு குட்டையானது, பெரும்பாலும் 20 அல்லது 22 அங்குலம். இறகுகளும் சின்னவை. முன்பக்கம் இழுப்பதைப் பின்பக்கம் திருத்த அவ்வளவு வலு கிடையாது. நொடிக்கு 300 அடியைச் சுற்றி எய்யும், கப்பி இல்லாத ரிகர்வ் கிராஸ்போக்களில், எக்ஸ்காலிபர் மாதிரி, நிலைத்த முனை அழகாகப் பறக்கும். 350ஐத் தாண்டினால் ஒவ்வொரு அம்பையும் சோதித்துத்தான் நம்ப வேண்டும். 400க்கு மேல் என்றால், நிறையப் பொறுமை இருப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

சோதிப்பது எப்படி? இதுதான் எனக்குப் பிடித்த வேலை. முனையைத் திருகி இறுக்கிவிட்டு, அம்பை இரண்டு வி-பிளாக்கின் (V வடிவப் பள்ளம் வெட்டிய கட்டை) மேல் கிடத்தி மெதுவாக உருட்டுங்கள். முனையின் நுனி ஒரே புள்ளியில் நின்று சுழல வேண்டும். நுனி வட்டம் போட்டால் ரன்-அவுட், அதாவது மையம் விலகல், இருக்கிறது என்று அர்த்தம். வி-பிளாக் இல்லையென்றால் முனை நுனியை ஒரு மரப்பலகையில் ஊன்றி, அம்பைப் பம்பரம் சுற்றுவது போல் விரலால் சுழற்றுங்கள். விரலில் அதிர்வு தெரிந்தால் அந்த ஜோடி சரியில்லை. உடனே முனையைக் குறை சொல்லாதீர்கள். அதையே வேறு அம்பில் போட்டுப் பாருங்கள். பல நேரம் அம்பின் வாயில் ஒட்டியிருக்கும், முனையைத் திருகும் மரைத் துண்டான இன்செர்ட்தான் கோணலாக இருக்கும். ஒரு டஜன் அம்பு வாங்கினால் அதில் நல்லது எது, சுமார் எது என்று பிரித்து, நல்லவற்றை வேட்டைக்கும் மீதியைப் பயிற்சிக்கும் வையுங்கள். எண் போட்டு வைத்தால் குழப்பம் வராது.

நிலைத்த முனை வாங்குவதாக இருந்தால் குறுகலானதாக வாங்குங்கள். ஸ்லிக் டிரிக் மாதிரி நான்கு பிளேடு, ஒரு அங்குல வெட்டு, கட்டையான உருவம்: வேகமான கிராஸ்போவில் பிழைப்பது இந்த வகைதான். ஜி5 மான்டெக் ஒரே துண்டாக வார்த்தது, மூன்று பிளேடு. தட்டையான சாணைக் கல்லில் இரண்டு பிளேடை ஒரே நேரத்தில் படுக்கவைத்துத் தீட்டலாம். பட்டறை ஆட்களுக்கு அதில் ஒரு தனி சுகம். எலும்பில் பட்டாலும் சுலபத்தில் உடையாது.

மெக்கானிக்கலில் இரண்டு ஜாதி உண்டு. முன்பக்கமிருந்து பின்னால் மடங்கித் திறப்பவை ஒன்று. பின்னாலிருந்து வழுக்கி வெளியே வருபவை இன்னொன்று. ரேஜ் இந்த வகை. முதல் வகை சாய்வாகப் பட்டால் பிளேடு தோலில் மாட்டி அம்பைத் திருப்பிவிட வாய்ப்பு அதிகம். இரண்டாவது வகை நுழையும் இடத்திலேயே முழு அகலத்துக்கு வெட்டும், அதனால் எனக்கு அதுதான் சம்மதம். வாங்கும்போது உறையில் கிராஸ்போவுக்கு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாண் அடிக்கும் அந்த ஒரு கணத்து உதறலிலேயே பிளேடு திறந்துகொள்ளாமல் பிடித்துவைக்க, அவற்றில் காலர் என்ற சின்ன வளையம் இன்னும் கெட்டியாக இருக்கும். சாதாரண வில்லுக்கான காலர் 400 அடி வேகத்தில் தாக்குப்பிடிக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வெட்டு அகலம் ஒன்றரை அங்குலம் போதும். இரண்டு அங்குலம் கடையில் பார்க்கக் கவர்ச்சிதான். ஆனால் பிளேடு நீளம் கூடக் கூட எலும்பில் வளையும், உடையும்.

மேரிலாந்தில் இண்டியன் ஹெட் கடற்படைத் தளத்தில் 1989 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அம்பு வேட்டைக் கணக்கை எழுதி வைத்தார்கள். அடிபட்ட மான்களில் வேட்டைக்காரர் கையில் கிடைத்தவை, நிலைத்த முனையில் சுமார் 82 சதவீதம், விரியும் முனையில் சுமார் 91 சதவீதம். விரியும் முனையை மட்டமாகப் பேசுகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

என் முடிவைக் கேட்டால்: 350 அடிக்கு மேல் எய்யும் கிராஸ்போ, வருடத்தில் சில வாரம்தான் கையில் எடுப்பீர்கள் என்றால், பின்னால் திறக்கும் ஒன்றரை அங்குல மெக்கானிக்கல், 100 கிரெய்ன். மெதுவான கிராஸ்போ, அல்லது ஒவ்வொரு அம்பையும் உட்கார்ந்து சோதிக்கும் ஆள் என்றால் நிலைத்த முனை, முடிந்தால் 125 கிரெய்ன். முன்பாரம் கூடினால் அம்பு நிலையாகப் பறக்கும். எடையை மாற்றினால் ஸ்கோப்பை மறுபடி சரிசெய்ய வேண்டும்.

எதை வாங்கினாலும் வேட்டைக்கு முன் அதே முனையோடு எய்து பாருங்கள். முதலில் அதே எடையுள்ள சாதாரணப் பயிற்சி முனை, அப்புறம் பிராட்ஹெட், 20 கெஜத்தில், பிறகு 40இல். இரண்டும் ஒரே இடத்தில் குத்த வேண்டும். விரியும் முனைகள் சிலவற்றோடு விரியாத பயிற்சி முனை ஒன்று வரும். செவர் மாதிரி சிலவற்றில் பிளேடைப் பூட்ட ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. காட்டுக்குப் போகும்போது அந்த ஸ்க்ரூவை எடுக்க மறக்காதீர்கள். இலக்குக்கு அடுக்கு நுரை வாங்குங்கள். பஞ்சு மூட்டை இலக்கில் பிராட்ஹெட் எய்தால் மூட்டை கிழியும், அம்பை வெளியே எடுக்கவும் முடியாது.

அம்பை வைத்தபின் பிளேடு கிராஸ்போவின் எந்தப் பாகத்தையும் தொடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அம்பு படுத்திருக்கும் தண்டவாளம் (ரெயில்) நீளமான மாடல்களில் அகன்ற நிலைத்த முனை இடிக்கும். முனையை இறுக்க அதற்கென்று வரும் பிளாஸ்டிக் சாவியை மட்டும் பயன்படுத்துங்கள், வெறும் விரல் வேண்டாம். ஒஹையோ விதிப்படி முனையில் குறைந்தது இரண்டு வெட்டும் விளிம்புகள், முக்கால் அங்குல அகலம் வேண்டும்; விரியும் முனைக்கும் அனுமதி உண்டு. மேற்கே சில மாநிலங்கள் விரியும் முனையை நீண்டகாலம் தடுத்து வைத்திருந்தன. வேறு மாநிலம் போனால் அந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

வேகமான கிராஸ்போ இருக்கிறது என்று 60 கெஜத்துக்கு ஆசைப்பட வேண்டாம். 40 கெஜத்தைக் கடக்க அம்புக்கு மூன்றில் ஒரு நொடி ஆகும். நாண் அடிக்கும் சத்தமோ பத்தில் ஒரு நொடியில் மானின் காதுக்குப் போய்விடும். மிச்ச நேரத்தில் அது ஓடுவதற்காக உடலைத் தாழ்த்திவிடும், நீங்கள் குறிவைத்த இடம் அங்கே இருக்காது. பக்கவாட்டில், அல்லது லேசாக உங்களுக்கு முதுகு காட்டி நிற்கும்போது, தோள் எலும்புக்குச் சற்றுப் பின்னால் நுரையீரலைக் குறிவையுங்கள். மரத்தின் மேலிருந்து எய்தால் அம்பு மானின் மறுபக்கத்தில் தாழ்வாக வெளியேறும்படி பாருங்கள். ரத்தம் தரையில் விழுவது பெரும்பாலும் அந்தக் கீழ் ஓட்டையிலிருந்துதான்.

அம்பைக் கண்டெடுத்ததும் முகர்ந்து பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரை இருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்துப் பின்தொடரலாம். கருஞ்சிவப்பென்றால் ஈரல், நான்கு மணி நேரமாவது காத்திருங்கள். பச்சைச் சாணமும் நாற்றமும் என்றால் குடல். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவிட்டுப் போங்கள். அவசரப்பட்டால் மான் எழுந்து அடுத்தவர் நிலத்துக்குள் போய்விடும். மானில் போன பிளேடைக் கழுவிப் பயிற்சிக்கு வையுங்கள். அடுத்த வேட்டைக்குப் புது பிளேடு போடுங்கள்.