மோட்டார்ஹோம் என்ஜின் சூடேறினால் காரணத்தைக் கண்டறியும் முறை

ஏற்றத்தில் மோட்டார்ஹோமின் (வீட்டு வசதிகள் கொண்ட வண்டி) வெப்பமானியின் முள் உயர்ந்தவுடன் தெர்மோஸ்டாட்டை (கூலன்ட் ரேடியேட்டருக்குச் செல்லும் வழியைச் சூட்டுக்கேற்பத் திறக்கும் வால்வு) மாற்றிவிடுவது பலரின் வழக்கம். பாகங்களைக் கழற்றுவதற்கு முன், எந்த நிலையில் சூடேறுகிறது என்பதைக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். முள் காட்டுவது உண்மைதானா என்பதையும், தெர்மோஸ்டாட் பொருந்தியுள்ள இடத்தில் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் (குளிர்விப்புத் திரவம்) அளவைப் பார்க்க வேண்டும். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். மூடியையும் அலட்சியப்படுத்தக் கூடாது. கூலன்டாகப் பயன்படும், சரிபாதி நீர் கலந்த எத்திலீன் கிளைகால் திறந்த நிலையில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) மூடியின் அழுத்தத்தில் அது 129 டிகிரியை ஒட்டி உயர்கிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும்.

முன்பக்க ரேடியேட்டர் உள்ள வண்டி நிற்கும்போது சூடேறி, வேகமெடுத்ததும் தணிந்தால் விசிறியையும், அதை என்ஜின் சுழற்சியுடன் இணைத்து விடுவிக்கும் கிளட்சையும் சோதிக்க வேண்டும். வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டும் சூடேறினால், ரேடியேட்டர் குழாய்களின் அடைப்பையோ, பம்ப்பின் உறிஞ்சலில் கீழ் ஹோஸ் உள்வாங்கிச் சப்பையாவதையோ சந்தேகிக்கலாம். என்ஜின் கொதிக்கும் நிலையிலும் ரேடியேட்டருக்குச் செல்லும் மேல் ஹோஸ் சூடாகவில்லை என்றால்தான் தெர்மோஸ்டாட்டின் மேல் பழி போடலாம்.

பின்பக்கத்தில் டீசல் என்ஜினும் ரேடியேட்டரும் உள்ள வண்டிகளின் கதை வேறு. எதிர்க்காற்று அங்கு எட்டாததால் குளிர்விப்பு முழுவதும் விசிறியையே நம்பியிருக்கிறது. விசிறி காற்றை என்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும் அமைப்பில், கிராங்க்கேஸ் (என்ஜினின் அடிப்பகுதி உறை) புகைக்குழாயிலிருந்து வரும் எண்ணெய்ப் படலத்தில் சாலைத் தூசி ஒட்டி, ரேடியேட்டருக்கு முன்னுள்ள டர்போ காற்றுக் குளிர்விப்பானின் உட்புறத்தில் கம்பளம்போல் படிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தகடுகள் பளிச்சென்றே தெரியும். எனவே, என்ஜின் மூடியைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் உட்புறத்தைப் பார்ப்பதே நம்பகமான சோதனை. அழுக்கு இருந்தால், அலுமினியத்துக்கு ஏற்ற கொழுப்பு நீக்கியில் ஊறவைத்து, குறைந்த அழுத்தத்தில் நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். உயர் அழுத்த நீர் தகடுகளை மடக்கிவிடும்.

வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டை (என்ஜின் உடலுக்கும் அதன் மேல்தலைக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) சோதிக்க வேண்டும். ரேடியேட்டர் வாயில் வைக்கும் சோதனைக் குப்பியின் நீலத் திரவம், என்ஜினில் எரிந்த புகை வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் மஞ்சளாக மாறும். டீசல் என்ஜினில் இம்மாற்றம் மஞ்சளை விடப் பச்சையை ஒட்டியதாக இருக்கலாம். நிறம் மாறிவிட்டால் வண்டியை ஓட்டாமல் இழுவை வாகனத்தில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.