ஆத்துப்படுகை வண்டல் மண்ணை தோண்டிப் பாத்து தெரிஞ்சுக்கறது எப்படி

ஆத்தோரமா வெள்ளம் ஏறி இறங்குற சமவெளியில நிலம் அமைஞ்சா எல்லாரும் முதல்ல பண்றது மேலாப்ல ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி, ஆஹா பொலபொலன்னு இருக்கே, நல்ல வண்டல்னு சந்தோஷப்படறதுதான். சந்தோஷப்படலாம், தப்பே இல்ல. ஆனா படுகை நிலத்துல மேல இருக்கறது கடைசியா வந்த வெள்ளம் போட்டுட்டுப் போனது, அதுக்கு கீழ இருக்கறது அதுக்கு முந்தி வந்த வெள்ளங்க போட்டது, ஒவ்வொண்ணும் ஒரு ரகம். அதனால இந்த மண்ணை மேலாக்க பாத்து முடிவு பண்ணவே கூடாது, ஒரு மீட்டர் ஆழத்துக்காவது குழி தோண்டிப் பாக்கணும். மத்த டெஸ்ட் எதை விட்டாலும் பரவாயில்ல, இதை மட்டும் விட்டுடாதீங்க.

எங்க தோண்டறதுங்கறது முக்கியம். வெள்ளம் கரையைத் தாண்டினதும் தண்ணியோட வேகம் சட்டுன்னு கொறஞ்சிடும், அப்ப கனமான மணல் கரைக்கு பக்கத்துலயே விழுந்துடும், அதைவிட நைசான வண்டல் துகள் கொஞ்சம் தள்ளிப் போய் படியும், எல்லாத்தையும் விட பொடியான களி கடைசியா தண்ணி தேங்கி நிக்கிற பள்ளத்துல போய் அசையாம இருந்து இறங்கும். அதனாலதான் ஆத்தை ஒட்டி கொஞ்சம் மேடா மணல்பாங்கா இருக்கும், தள்ளிப் போகப்போக பள்ளமா களியா இருக்கும், நடுவுல இருக்கற பட்டைலதான் பெரும்பாலும் நாம தேடுற லோம்ங்கற கலப்பு மண் கெடைக்கும். ஆறு பழைய காலத்துல வேற பாதையில ஓடியிருந்தா இந்த வரிசையும் மாறிடும். ஒரே குழியோட நிறுத்தாம கரைப்பக்கம் ஒண்ணு, நடுவுல ஒண்ணு, பள்ளத்துல ஒண்ணுன்னு மூணு தோண்டுங்க.

லோம்னு சொல்றது மணல், வண்டல், களி மூணும் எதுவும் ஆதிக்கம் பண்ணாம கலந்திருக்கற மண். ஆறு கொண்டு வந்து போடற மொத்த மண்ணையும் வண்டல்னுதான் சொல்றோம், ஆனா இந்த மாதிரி பிரிச்சுச் சொல்லும்போது வண்டல்னா மணலுக்கும் களிக்கும் நடுத்தர சைஸ்ல இருக்கற துகள். அமெரிக்க மண் வகைப்பாட்டு கணக்குல களி 7லேருந்து 27 சதவீதம், வண்டல் 28லேருந்து 50, மணல் 52க்குள்ள இருந்தா அது லோம். வண்டல் 50ஐ தாண்டிடுச்சுன்னா வண்டல் லோம்னு பேர் மாறிடும், படுகையில இதுவும் நிறைய இருக்கும். களி கொஞ்சமா இருந்தே நல்ல வேலை செய்யுங்கறதை இந்த நம்பர்லயே பாக்கலாம், ஏன்னா களித்துகள் 0.002 மி.மீ.க்கும் சின்னது, அதோட மொத்த பரப்பு ரொம்ப அதிகம், ஊட்டச்சத்தைப் பிடிச்சு வச்சுக்கறது அதுதான்.

கையாலயே கண்டுபிடிக்கலாம். ஒரு உருண்டை அளவு மண்ணை எடுத்து கல்லு, வேரெல்லாம் பொறுக்கிட்டு, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா சேத்து மாவு மாதிரி பிசைஞ்சுக்கோங்க. அதை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு ரிப்பன் மாதிரி மெதுவா தள்ளுங்க. 2.5 செ.மீ. வர்றதுக்குள்ள ஒடைஞ்சா லோம் பக்கம், 5 செ.மீ. வரைக்கும் நீண்டா களி லோம், அதுக்கும் மேல போனா களி. உருண்டையே நிக்கலன்னா மணல். அப்புறம் கொஞ்சம் மண்ணை உள்ளங்கையில நல்லா தண்ணி விட்டு தேச்சுப் பாருங்க, நறநறன்னா மணல், பவுடர் மாதிரி வழவழன்னு இருந்தா வண்டல், பிசுபிசுன்னு ஒட்டினா களி. முதல் தடவை கொழப்பமாதான் இருக்கும், நாலஞ்சு எடத்து மண்ணைப் பிசைஞ்சதும் விரல் தானா பழகிடும்.

பாட்டில் டெஸ்ட்டும் பண்ணலாம், நேரான கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மண்ணு, மிச்சம் தண்ணி, ஒரு சிட்டிகை பாத்திரம் கழுவுற சோப்பு, நல்லா குலுக்கி வச்சிடணும். ஒரு நிமிஷத்துல படியறது மணல், ரெண்டு மணி நேரத்துல படியறது வண்டல், அடுத்த நாள் வரைக்கும் கலங்கலா நின்னு படியறது களி. ஸ்கேல் வச்சு உயரத்தை அளந்தா சதவீதம் ஓரளவுக்கு வந்துடும்.

இப்ப குழிக்கு வருவோம். குழியோட ஒரு பக்கச் சுவரை கத்தியால சொரண்டி விடுங்க, மண்வெட்டி பூசின தடம் போனாதான் உண்மையான அடுக்கு தெரியும். சாதாரண நிலத்துல மேல கருப்பா இருந்து கீழ போகப்போக நிறம் வெளுத்துக்கிட்டே போகும், ஏன்னா மக்கு குறைஞ்சுக்கிட்டே போகும். படுகையில அப்படி ஒழுங்கா குறையாது, வெளுத்த மண்ணுக்கு கீழ திடீர்னு ஒரு கருப்புப் பட்டை வரும், அது ஒரு காலத்துல மேல்மண்ணா இருந்து அப்புறம் வெள்ளம் வந்து மூடினது. மண் அறிவியல்ல இந்த வகையை அடையாளம் கண்டுபிடிக்கறதே பெரும்பாலும் இதை வச்சுதான், அமெரிக்க வகைப்பாட்டுல ஃப்ளூவென்ட்னு சொல்லுவாங்க, லத்தீன்ல ஆறுங்கறதுக்கான சொல்லுலேருந்து வந்த பேரு. எனக்கு இந்த மண்ணுல ரொம்பப் பிடிச்ச விஷயமே அந்தக் கருப்புப் பட்டைதான், என்னைக்கோ புல்லு முளைச்சு நின்ன தரையை நேருக்கு நேர் பாக்கறோம்.

அடுத்து நிறம். மண்ணுக்குள்ள தண்ணி நிரம்பி காத்து போயிடுச்சுன்னா அங்க இருக்கற நுண்ணுயிர்கள் இரும்பைப் பயன்படுத்த ஆரம்பிக்கும், அப்ப இரும்பு கரைஞ்சு நகர்ந்துடும், மிச்சம் சாம்பல் நிறமா நிக்கும். வேர் போன ஓட்டை வழியா காத்து வர்ற எடத்துல அதே இரும்பு மறுபடியும் துருவா படியும். அதனால சாம்பலும் துருவும் கலந்த புள்ளி எந்த ஆழத்துல ஆரம்பிக்குதோ அந்த உயரம் வரைக்கும் வருஷத்துல கொஞ்ச நாளாவது தண்ணி ஏறி நிக்குதுன்னு அர்த்தம், நீங்க கடும் வெயில் காலத்துல தோண்டினாலும் இது தெரியும். 30, 40 செ.மீ.லயே சாம்பல் வந்துட்டா ஆழமா வேர் விடற, தண்ணி தேங்கினா தாங்காத மரத்தை அங்க வைக்க வேண்டாம். ஒரு மீட்டர் வரைக்கும் ஒரே மாதிரி பழுப்பா இருந்தா அருமையான எடம். ஆனா ஒரு எச்சரிக்கை, சமீபத்துல படிஞ்ச வண்டல்ல இந்தப் புள்ளி உருவாக நேரமே கெடச்சிருக்காது, அதனால புள்ளி இல்லங்கறதை மட்டும் நம்பி இறங்காதீங்க.

குழியில மணல் அடுக்கு தெரிஞ்சா கொஞ்சம் நிதானமா யோசிக்கணும். கீழ மணல் இருந்தா தண்ணி நல்லா வடியும்னுதான் தோணும், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். நைசான மண்ணுக்கு கீழ பருமணல் இருந்தா, மேல இருக்கற மண்ணு தண்ணியை சின்னச்சின்ன துளைக்குள்ள இறுக்கிப் பிடிச்சுக்கும், கிட்டத்தட்ட முழுசா நனையற வரைக்கும் மணலுக்குள்ள விடாது. இதுல நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்கு, வறட்சியில மேல்மண்ணுல ஈரம் கூட நேரம் நிக்கும், அடைமழையில வேர்ப்பகுதி ஊறிக்கிடக்கும். வேரும் அந்த எல்லைக்கு வந்ததும் பக்கவாட்டுல திரும்பும், சுவர்ல வேரைத் தொடர்ந்து பாத்தாலே தெரியும்.

தண்ணி எவ்வளவு வேகமா வடியுதுன்னு பாக்க 30 செ.மீ. குழி எடுத்து ஒரு தடவை தண்ணி நிரப்பி முழுசா இறங்க விட்டுட்டு, ரெண்டாவது தடவை நிரப்பி மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குதுன்னு அளங்க. 2.5லேருந்து 7.5 வரைக்கும் இருந்தா நல்ல வடிகால், அதுக்கும் கம்மின்னா மேட்டுப்பாத்தி போடணும்.

நல்ல படுகை லோம் ஒரு மீட்டர் ஆழத்துல செடி உறிஞ்சக்கூடிய தண்ணியா மட்டுமே சுமார் 15லேருந்து 20 செ.மீ. உயரம் அளவுக்கு பிடிச்சு வைக்கும், மணல்ல இதுல பாதி கூட நிக்காது. இந்த மண்ணு ஆத்தோட மேல்பகுதி மலையிலயும் காட்டுலயும் அரிச்ச பல பாறைத்தூள், மக்கு எல்லாம் கலந்து வர்றதால சத்தும் பொதுவா நல்லாவே இருக்கும், ஆனா பிஹெச், அதாவது மண்ணோட புளிப்பு-கார அளவு, எவ்வளவுங்கறது மேல என்ன பாறைங்கறதைப் பொறுத்தது, ஊகிக்காம டெஸ்ட் பண்ணிடுங்க. ஆத்துக்கு மேல சுரங்கமோ தொழிற்சாலையோ இருந்தா கன உலோகத்துக்கும் கண்டிப்பா பாக்கணும், வண்டலோட சேந்து அதுவும் வந்து படியும்.

உழவுல இந்த மண்ணு மன்னிக்காத ஒரே விஷயம் ஈரத்துல மிதிக்கறது. உழற ஆழத்துலேருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடிச்சு, விரலால தட்டுங்க, உதிர்ந்தா பதம், கொழகொழன்னு நசுங்கினா டிராக்டரை இறக்கவே கூடாது. ஈரத்துல உழுதா அடியில கெட்டியா ஒரு தட்டு உருவாகும், அதை ஒடைக்க வருஷக்கணக்கா ஆகும். வண்டல் அதிகமான மண்ணை ரொம்ப நைசா பொடி பண்ணாதீங்க, ஒரு மழைக்கே மேல ஓடு மாதிரி இறுகி விதை முளைச்சு வெளிய வர முடியாம போயிடும். மூடாக்கு போடுங்க, வெள்ளக் காலத்துல நிலத்தை வெறுமையா விடாம பசுந்தாள் பயிரோ புல்லோ இருக்கட்டும், வேர் இல்லாத வண்டல் துகளுக்கு பிடிமானம் கம்மி, தண்ணி அப்படியே வாரிக்கிட்டுப் போயிடும்.

வெள்ளம் வந்து போனா முதல்ல புதுசா படிஞ்சது எவ்வளவு கனம்னு அளங்க. 5 செ.மீ.க்குள்ளன்னா காய்ஞ்சதும் சாதாரண உழவுலயே கலந்துடலாம், 20 செ.மீ. வரைக்கும் ஆழ உழுது பழைய மண்ணோட கலக்கணும், அதைத் தாண்டின மணல்னா வாரி அப்புறப்படுத்தறதுதான் சரி. தண்ணி நின்ன நாள்ல தழைச்சத்து (நைட்ரஜன்) காத்தாவும் கரைஞ்சும் போயிருக்கும், வேரோட கூட்டா வாழ்ந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துக் கொடுக்கற பூஞ்சையும் செத்திருக்கலாம், அதனால அடுத்த பயிர் மணிச்சத்து குறைஞ்ச மாதிரி ஊதா நிறமா நிக்கலாம். சீக்கிரமா எதையாவது விதைச்சு உயிருள்ள வேரை மண்ணுக்குள்ள கொண்டு வாங்க, அந்தப் பூஞ்சை மறுபடி பெருக அதுதான் வழி. வெள்ளத் தண்ணி பட்ட கீரை, காய் எதையும் பச்சையா சாப்பிட வேண்டாம்.

குழியை மூடறதுக்கு முன்னாடி டேப்பை சுவர்ல தொங்கவிட்டு ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, மூடும்போது அடிமண்ணை அடியில, மேல்மண்ணை மேல போடுங்க. அடுத்த வெள்ளம் வடிஞ்சதும் அந்தக் குழிக்கு ரெண்டடி தள்ளி தோண்டி போட்டோவோட ஒப்பிட்டுப் பாத்தா, புது அடுக்கு எங்க உக்காந்திருக்குன்னு தெரியும்.