அப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய்: என் ஜோட்டர் புத்தகத்திலிருந்து

சிங்கப்பூரில், ஈசூன் புளோக்குக் கீழே குறிப்பெழுதப் பத்து வெள்ளிக்குள் வாங்கிய புத்தகம். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்: 'ஹெப்படைட்டிஸ் பி. எப்போதிலிருந்து?' ஈரலைத் தாக்கி, வருடக்கணக்கில் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடிய கிருமி அது. தனக்கு அது இருப்பது அப்பாவுக்குப் பல வருடமாகவே தெரியும். எங்களிடம் மூச்சு விடவில்லை. இங்கே பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி வந்தது 1987இல்தான். அப்பா தலைமுறையில் யாருக்காவது அது இருந்தால், கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் இரத்தம் சோதித்துவிடுங்கள்.

நாங்கள் பதற்றத்தில் நேரே ஒரு தனியார் சிறப்பு மருத்துவரிடம் ஓடினோம். அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கடிதம் வாங்கி அரசாங்க மருத்துவமனைக்குப் போயிருந்தால் முதலிலிருந்தே மானியக் கட்டணம். அந்தப் பில்லை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

"ஊசி குத்திச் சதை எடுக்காமலே புற்றுநோய் என்கிறார்களே!" என்று அத்தை சண்டைக்கு வந்தார். ஹெப்படைட்டிஸ் பி அல்லது ஈரல் சுருக்கம் இருப்பவர்களுக்குப் பல நேரம் சாயம் ஏற்றி எடுக்கும் ஸ்கேனே போதும். இந்த வகைக் கட்டி சாயத்தைச் சட்டென்று வாங்கி, சீக்கிரமே விட்டுவிடும்.

எல்லாரும் "எத்தனையாவது கட்டம்?" என்றுதான் கேட்கிறோம். கூடவே, "மீதி ஈரல் எப்படி இருக்கிறது, சைல்ட்-பியூ ஏயா, பியா, சியா?" என்றும் கேளுங்கள். ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கான அளவு அது; ஏ நல்ல நிலை, சி மோசம். அப்பாவின் கட்டி சிறியது, ஆனால் ஈரல் பி. அதனால் அறுவை வேண்டாமென்றார்கள். இரத்தக் குழாய் வழியாகக் கட்டிக்கே மருந்தைச் செலுத்தி, அதற்குப் போகும் இரத்தத்தை அடைக்கும் 'டேஸ்' செய்தார்கள். மூன்று நாள் காய்ச்சல். அப்படி வரலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

மருந்து தொடங்குமுன் கேட்கவேண்டியது, "இது அரசாங்கத்தின் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் இருக்கிறதா?" 2022 செப்டம்பரிலிருந்து பட்டியலில் இல்லாத மருந்துக்கு மெடிஷீல்ட் லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதியில் கோர முடியாது. பிள்ளைகளின் மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். அதுவும் போதவில்லையென்றால் பண உதவிக்கு மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரைப் பாருங்கள். அப்பா "பிச்சையா கேக்கறது?" என்று முறைத்தார். நானே போய்ப் பார்த்துவிட்டேன்.

கீழாநெல்லியோடு தேக்காவிலிருந்து வந்த மாமாவிடம், "டாக்டர்கிட்ட காட்டிட்டுத் தர்றேன் மாமா" என்றேன். டாக்டர் வேண்டாமென்றார். கருவாடு, அப்பளம், ஊறுகாய் குறைந்தன. உப்பு அதிகமானால் வயிற்றில் நீர் கோக்கும். லக்சா நூடுல்ஸில் அரைகுறையாக வெந்த மட்டி கூடவே கூடாது. கறி, முட்டையை நீங்களாக நிறுத்தாதீர்கள், உடம்பு கரைந்துவிடும்.

ஒரு வாரம் அப்பா பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் விழித்திருந்தார். வயசாகிவிட்டது என்று நினைத்தோம். பிறகு என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஈரல் வடிகட்டாத நஞ்சு மூளைக்கு ஏறியிருந்தது. குழப்பம், கறுப்பு மலம், இரத்த வாந்தி, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் 995இல் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். இப்போது லாக்டுலோஸ் பாகு குடிக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மலம் போகவேண்டும் என்பதால், அதற்கும் புத்தகத்தில் ஒரு பக்கம். கோடு போடுவது அப்பாதான்.