ஆய்வக விழாக்களைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமம்) நிறுவன நாள், நடுவில் பணி ஓய்வு விழா, ஆயுத பூஜை, வருடத்துக்கு ஒரு சுற்றுலா. ஆய்வகத்தில் கேமரா வைத்திருப்பவருக்கு வேலை வந்துகொண்டேதான் இருக்கும். கல்யாண மண்டபத்தில் எடுத்துப் பழகிய கையோடு அப்படியே லேபுக்குள் நுழைந்துவிடுகிறோம். பாதித் தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

முதலில் பிளாஷ். 1997-ல் அமெரிக்காவின் ஹேடம் நெக் அணுமின் நிலையத்தில், கட்டுப்பாட்டு அறையில் இருந்த தீயணைப்புக் கருவியின் மின்சுற்றை ஒருவர் பிளாஷ் போட்டுப் படமெடுத்தார். அந்த வெளிச்சம் சில்லு ஒன்றின் கண்ணாடிச் சன்னல் வழியே உள்ளே போக, தீயே இல்லாமல், தீயை அணைக்கும் ஹாலான் வாயு திறந்துகொண்டது. 2015-ல் வந்த ராஸ்பெரி பை 2 என்ற குட்டிக் கணினியும் செனான் பிளாஷ் பட்டால் அணைந்துபோனது. நம் லேபுகளிலும் ஆபத்து உண்டு: ஒளிரும் சாயம் ஏற்றிய மாதிரிகள் வெளுத்துவிடும், மங்கலான ஒளியையும் உணர மின்னழுத்தம் கொடுத்து வைத்திருக்கும் ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய் கெட்டுப்போகும். ஒளியால் சில்லுகளில் வடிவம் பதிக்கும், மஞ்சள் விளக்கு எரியும் லித்தோகிராபி அறையில் நீல வெளிச்சமே ஆகாது. அதனால் பிளாஷைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, அகலத் திறப்புள்ள லென்ஸை மாட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 என்று இருந்தால் படத்தில் பட்டை விழாது.

என்.எம்.ஆர். (வலிமையான காந்தத்தால் மூலக்கூறுகளை ஆராயும் கருவி) அறை வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதன் காந்தம் கரண்ட் போனாலும் ஓயாது. தரையில் 5 காஸ் (gauss, காந்தப்புல அளவு) எல்லைக் கோடு வரைந்திருந்தால் இரும்பு பாகம் உள்ள ட்ரைபாட் அதைத் தாண்டக் கூடாது.

அடுத்த தவறு, அழகுக்காகப் பொய்யாக நிற்க வைப்பது. முகம் தெரிய வேண்டுமென்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்கிறோம். வேதிப்பொருள் வைக்கும் மேசையிலேயே பிறந்தநாள் கேக்கை வெட்டச் சொல்கிறோம். அறிவியல் நாளன்று வரும் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்து, லேப் என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு இதில் சமரசமே கிடையாது. கண்ணாடி போட்டபடியே சிரிக்கட்டும், கேக்கைச் சாப்பாட்டு அறையில் வெட்டட்டும்.

முகத்தைப் பார்க்கும் அவசரத்தில் பின்னணியை விட்டுவிடுவதும் வழக்கம். 2017-ல் ஹவாய் அவசரகால மேலாண்மை அலுவலகத்தில் எடுத்த செய்திப் படம் ஒன்றில், கணினித் திரையில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் கடவுச்சொல் தெரிந்தது. அடுத்த ஆண்டு அது உலகத்துக்கே தெரிந்தது. லேபில் வெள்ளைப் பலகை, நோட்டுப் புத்தகம், திரையில் ஓடும் வரைபடம் எல்லாமே இப்படித்தான். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் அந்த விவரம் பொதுவெளிக்கு வந்துவிட்டால் உரிமையே கைவிட்டுப் போகலாம். பலகையை அழித்துவிட்டு எடுங்கள். முடியாதென்றால் இடத்தை மாற்றுங்கள்.

சுற்றுலாவுக்குக் காவலூர் போனால், வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அருகே இரவில் போன் திரையைக்கூட ஒளிரவிடாதீர்கள். இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும் கண்ணை ஒரு பிளாஷ் கெடுத்துவிடும். குரூப் போட்டோவைப் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுங்கள்.

இனி எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு: பெயர் எழுதாமல் விடுவது. இயற்பியலாளர்கள் கூடிய 1927 சால்வே மாநாட்டுப் படத்தில் இருக்கும் 29 பேரின் பெயரும் இன்றுவரை தெரியும். 1971-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் திமிங்கில உயிரியல் பற்றி நடந்த மாநாட்டுப் படத்தில் 38 பேர். அவர்களில் ஒரே ஒரு பெண்; அவர் ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கர். முன்னால் நிற்பவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பாதி மறைத்திருக்கிறார். ஆண்கள் அத்தனை பேருக்கும் பெயர் போட்டவர்கள் அந்தப் பெண்ணுக்கு மட்டும் ‘அடையாளம் தெரியவில்லை’ என்று எழுதினார்கள். ஓவியர் ஒருவர் 2018-ல் இணையத்தில் கேட்டபிறகுதான், அவர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த உயிரியல் தொழில்நுட்பர் ஷீலா மைனர் என்று தெரியவந்தது.

நம் படங்களிலும் இதுதான் நடக்கிறது. இயக்குநர் பெயர் இருக்கும், சிறப்பு விருந்தினர் பெயர் இருக்கும். கண்ணாடிக் குடுவை ஊதித் தருபவர், திரவ நைட்ரஜன் சிலிண்டர் தள்ளி வருபவர், துப்புரவுப் பணியாளர், ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்த திட்ட உதவியாளர் யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் ஓரத்தில், பாதித் தோளோடு. அவர்களைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துங்கள். படத்தில் வர விருப்பமில்லை என்று யாராவது சொன்னால் அதையும் மதியுங்கள். எடுத்த கையோடு ஒரு தாளை வரிசைப்படி சுற்றிவிட்டு, அவரவர் பெயரை அவரவரையே எழுதச் சொல்லுங்கள். இனிஷியல் தப்பாகாது. அப்புறம் அந்தத் தாளையும் ஒரு படம் எடுத்து, அதே கோப்புறையில் தேதியோடு போட்டுவிடுங்கள்.