ஸ்லைடு திறந்து நிற்கவில்லையா? அரத்தைத் தொடுவதற்கு முன்னால்

பிஸ்டலில் கடைசித் தோட்டா வெடித்ததும், மேலே முன்பின் நகரும் இரும்புப் பகுதியான ஸ்லைடு பின்னுக்குப் போய் அங்கேயே நிற்க வேண்டும். நிற்காமல் முன்னால் வந்து மூடிக்கொண்டால், பலருக்கும் உடனே சந்தேகம் வருவது ஸ்லைடைப் பிடித்து நிறுத்தும், பக்கவாட்டில் இருக்கும் அந்தச் சின்ன லீவர் மேல்தான். "தேஞ்சுபோச்சு, கொஞ்சம் அரம் போட்டா சரியாயிடும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். பெரும்பாலும் லீவரில் ஒரு கோளாறும் இருக்காது. கோளாறு, தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கிக்குள் செருகும் மேகசினில் இருக்கும், இல்லையென்றால் சுடுகிறவர் கையில் இருக்கும். அரம் ராவிய இரும்பு திரும்ப வராது.

செட்டிநாட்டில் இதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் பிஸ்டலுக்கு அந்த வசதி இருக்கிறதா? பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன குடும்பங்களில் ஐயா காலத்துப் பிஸ்டல் வாரிசு உரிமத்தில் இன்றும் இருக்கலாம். 1903 மாடல் கோல்ட் பாயிண்ட் 32, 1910 மாடல் பிரௌனிங் போன்றவற்றில் கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடைப் பிடித்து நிறுத்தும் அமைப்பே கிடையாது. மூடிக்கொள்வதுதான் அவற்றின் இயல்பு. அதைப் பழுது என்று நினைத்துப் பிரித்துப்போட்டால் நல்ல துப்பாக்கி கெட்டுப்போகும். 1929-இல் வந்த வால்தர் பிபி இதற்கு நேர்மாறு. வெளியே லீவர் எதுவும் தெரியாது, ஆனால் ஸ்லைடு திறந்து நிற்கும். மேகசினைக் கழற்றிவிட்டு ஸ்லைடைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து விட்டால் மூடிக்கொள்ளும். லீவர் இல்லையே என்று அதைச் சுத்தியலால் தட்ட வேண்டியதில்லை.

சரி, வசதி உள்ள பிஸ்டல்தான், ஆனால் நிற்கவில்லை. இங்கே செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்லைடு மூடியிருக்கிறது, விசையை அழுத்தினால் 'டிக்' என்றது, ஆகவே காலி என்று முடிவு செய்துவிடுவது. ஒழுங்காகத் திறந்து நிற்கும் பிஸ்டல் தன் நிலையைத் தானே காட்டும். இந்தக் கோளாறு உள்ள பிஸ்டல் காட்டாது. அந்த 'டிக்' காலி சேம்பரின் (வெடிப்பதற்காகத் தோட்டா உட்காரும் அறை) சத்தமாக இருக்கலாம், வெடிக்காமல் உள்ளே கிடக்கும் தோட்டாவாகவும் இருக்கலாம். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிப்பதும் உண்டு. அதனால் குழலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது வினாடி பொறுங்கள். அப்புறம் மேகசினை எடுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்துவிட்டு, பிறகு மேகசினை எடுத்தால், அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். கையில் மேகசின் இருக்கிறது என்ற தைரியத்தில் விசையைத் தொட்டவர்களால்தான் விபத்து நடக்கிறது. சேம்பரைக் கண்ணால் பாருங்கள். வெளிச்சம் குறைவாக இருந்தால் விரல் நுனியால் தடவியும் பாருங்கள்.

இனி, இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மேகசினுக்குள் தோட்டாக்களைத் தாங்கி மேலே தள்ளும் ஒரு சின்னத் தட்டு உண்டு, அதை ஃபாலோயர் என்பார்கள். கடைசித் தோட்டா போனதும் அந்தத் தட்டு உச்சிக்கு வந்து, லீவரின் உள்முனையை மேலே தூக்குகிறது. பின்னுக்கு வந்த ஸ்லைடின் வெட்டில் லீவர் போய் மாட்டிக்கொள்கிறது. கதவை முழுக்கத் திறந்த பிறகுதான் தாழ்ப்பாள் குழியில் விழும் அல்லவா, அதே கணக்கு. ஆக மூன்று விஷயம் சரியாக நடக்க வேண்டும்: ஃபாலோயர் வேகமாக மேலே வர வேண்டும், லீவர் தடையில்லாமல் எழ வேண்டும், ஸ்லைடு முழுத் தூரம் பின்னுக்குப் போக வேண்டும்.

எது தவறுகிறது என்று கண்டுபிடிக்கத் தோட்டாவே வேண்டாம். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, காலியான துப்பாக்கியில் செய்யுங்கள். முதலில் மேகசின் இல்லாமல் ஸ்லைடை முழுக்க இழுத்து, லீவரை விரலால் தூக்கி மாட்டுங்கள். உறுதியாக நின்றால் லீவரும் வெட்டும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து, காலி மேகசினைச் செருகி ஸ்லைடை வேகமாகப் பின்னுக்கு இழுங்கள். தானே நிற்க வேண்டும். விரலால் மாட்டினால் நிற்கிறது, மேகசினோடு நிற்கவில்லை என்றால் குற்றவாளி மேகசின். இரண்டிலும் நிற்கிறது, சுடும்போது மட்டும் நிற்பதில்லை என்றால், கையால் பிடிக்கும் விதம், தோட்டா, சுடும் வேகத்தில் பின்தங்கும் சோர்ந்த மேகசின் ஸ்பிரிங் ஆகிய மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். விரலால் மாட்டினாலும் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் மட்டுமே லீவரைச் சந்தேகப்படுங்கள்.

எல்லா மேகசின்களையும் ஒரே பையில் கலந்து வைத்துக்கொண்டு "சில நேரம் நிக்குது, சில நேரம் நிக்கலை" என்று சொல்வதால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுத்தாள் ஒட்டி எண் போடுங்கள். ஒரே எண்தான் திரும்பத் திரும்பத் தகராறு செய்கிறது என்று தெரிந்தால் செலவு ஒரு ஸ்பிரிங்கோடு போய்விடும். ஸ்பிரிங் சோர்ந்துவிட்டால் சிலர் அதைக் கையால் இழுத்து நீட்டிவிட்டு மறுபடி போடுகிறார்கள். கொஞ்ச நாள் வேலை செய்யும், பிறகு முன்னைவிடச் சோர்ந்துவிடும். மாற்றுவதே சரி. சுத்தம் செய்யக் கழற்றிய ஸ்பிரிங்கைத் தலைகீழாகவோ முன்பின் மாற்றியோ போட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கும். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேகசின் கூடு நசுங்கியிருந்தாலும், வேறு கம்பெனி மேகசினில் ஃபாலோயரின் விளிம்பு லீவருக்கு எட்டாமல் போனாலும் இதே கோளாறு வரும்.

எண்ணெய் விஷயத்தில் நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது, அது போக வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் போடுவது. மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைந்து நிற்கும் எண்ணெய், மேகசினுக்குள்ளும் லீவரின் அடியிலும் அதையேதான் செய்யும். கோடையில் செம்மண் புழுதி அதில் ஒட்டிக் கரிப்புகையோடு சேர்ந்து களிம்பாகிவிடும். லீவர் எழும், ஆனால் தாமதமாக எழும், அதற்குள் ஸ்லைடு போய்விடும். துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயை, தேய்மானம் உள்ள இடங்களில் ஒரு துளி விட்டால் போதும். மேகசினின் உட்புறத்தைத் துடைத்து உலர்வாகவே வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் உறைக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதும் கெடுதல். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும், துரு அங்கேதான் தொடங்கும். தேர்தலுக்காக ஒப்படைத்துத் திரும்பி வந்த துப்பாக்கியையும் முதல் வேலையாகத் துடைத்து, காலி மேகசினோடு ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

கை விஷயத்துக்கு வருவோம். இரு கட்டைவிரல்களையும் முன்னோக்கி நீட்டிப் பிடிப்பது இப்போது எல்லோரும் பழகும் பிடி. நல்ல பிடிதான். ஆனால் கை பெரியதாக இருந்தால் கட்டைவிரல் போய் லீவரின் மேல் உட்கார்ந்துகொள்ளும். லீவர் எழவே முடியாது. பழகியவர் ஒருவரிடம் அதே துப்பாக்கியை, அதே மேகசினோடு சுடுதளத்தில் கொடுத்துப் பாருங்கள். அவருக்கு நின்றால் விடை கிடைத்துவிட்டது. மணிக்கட்டைத் தளர்வாக வைத்தாலும் ஸ்லைடு முழுத் தூரம் போகாது. பழைய, வலுவிழந்த தோட்டாவும் அப்படித்தான், சுட்ட தோட்டாவின் காலிக் கூடு தூரமாகத் தெறிக்காமல் காலடியில் விழுவது அதன் அடையாளம். ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தாலும் இதே கதைதான்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று கண்மாய்க்கரைக்கும் தோப்புக்கும் போகாதீர்கள். பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகச் சுட்டால், 2019 திருத்தச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்த லேத் பட்டறையில் கொடுப்பதும் கூடாது. துப்பாக்கியைப் பழுதுபார்க்க அதற்கான உரிமம் வேண்டும், உரிமம் இல்லாதவர் கையில் கொடுத்தால் அவருக்கும் உங்களுக்கும் வம்பு.

லீவரோ வெட்டோ உண்மையாகவே தேய்ந்திருந்தால் உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்கு, உரிமப் புத்தகத்தோடு போங்கள். துப்பாக்கியை மட்டும் கொடுத்துவிட்டு வராமல் எல்லா மேகசின்களையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த எண் மேகசினில் நிற்கவில்லை, கையால் இழுத்தபோது நின்றதா, எந்தத் தோட்டா போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அவர் நேராகப் பழுதான இடத்துக்கே போவார்.